பட்டியலின் கடைசி வரி

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீ மச்சானுக்கு அனுப்பிய கம்ப்யூட்டர் பட்டியலை அக்கா காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மச்சான் ஜவுளிக் கணக்குப் பார்க்கிறவர். இருபத்தாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலையே பார்க்கிறவன் வீட்டிலேயே இருக்கிறேன். சரி, போகட்டும். அனுப்பிய நேரம் ராத்திரி 2.40 என்று இருந்தது.

பட்டியலை மூன்று தடவை படித்தேன். 60,000 ரூபாய்க்குள் இதைவிட நன்றாகப் போட முடியாது, கடைசி வரியைத் தவிர. பிராசசர் ரைசன் 5 5600 என்று எழுதியிருக்கிறாய், 5600ஜி எழுதவில்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாதவனுக்குத்தான் அந்த ‘ஜி’. கார்டு போடுகிறவனுக்கு அது நஷ்டம்: 5600-இல் பிராசசர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் எல்3 கேஷ் மெமரி 32 எம்பி, ஜி-யில் 16 எம்பிதான், கார்டோடு பேசும் பிசிஐஇ பாதையும் ஒரு தலைமுறை பழையது. யாரும் சொல்லாமல் நீயே இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய். அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது கடைசி வரி. ‘கேபினெட்டோடு வரும் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்’ என்று, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பாகத்தைப் போட்டிருக்கிறாய். வேண்டாம். பெட்டியில் அச்சடித்த வாட்ஸைப் பார்க்காதே. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப்ஸ் என்று பார். கேபினெட்டோடு வருவதில் பெரும்பாலும் 15, 16 ஆம்ப்ஸ்தான் இருக்கும். 16-ஐ 12-ஆல் பெருக்கு, 192 வாட்ஸ். உன் கார்டு ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 இழுக்கும். பிராசசர் முழு வேகத்தில் 76 வரை போகும். இந்த இரண்டுமே 208 ஆகிவிட்டது, மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் தனி. கார்டு சில மில்லிசெகண்டுக்கு இதைவிட மேலே துள்ளும் வேறு. நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் 45 ஆம்ப்ஸ் வரை இருக்கும், அதாவது 540 வாட்ஸ். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கட்டும், அதோடு ஐந்து வருஷ வாரன்டி. வாரன்டி வருஷம் குறையக் குறைய உள்ளே கெப்பாசிட்டரும் மட்டமாகத்தான் இருக்கும்.

இதில் நீ மிச்சம் பிடிப்பது 3,000 ரூபாய். அதற்காக வேண்டாம் தம்பி.

ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டிருக்கிறாய், பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்ற எண்ணத்தில். ரேம் விலை ஏறிக் கிடக்கும்போது இந்த எண்ணம் வருவது நியாயம். ஆனாலும் 8 ஜிபி இரண்டாக வாங்கு. ஒற்றைக் குச்சியில் ஒரு சேனல்தான் ஓடும், கேமில் அந்தக் குறைச்சல் கண்ணுக்கே தெரியும். பி550 மதர்போர்டில் ரேமுக்கு நாலு ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து எடு, இரண்டே ஸ்லாட் உள்ளதும் அதே பேரில் வரும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் குத்து. முதல் தடவை பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் பண்ணு. பண்ணாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 2400 மாதிரிக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பாய்.

கார்டை மாற்றாதே. மச்சானிடம் யாரோ ஆர்டிஎக்ஸ் 3050 சொன்னார்களாம். அந்தப் பேரில் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. குறைந்தது மெமரி மட்டும் இல்லை, கோரும் 2560-இலிருந்து 2304 ஆகிவிட்டது. கடையில் பேரை மட்டும் சொன்னால் 6 ஜிபியை எடுத்து நீட்டுவார்கள். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048எஸ்பி என்ற குறைந்த வகையைத் தலையில் கட்டுவார்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபி போதாது. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. 1 டிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போடு. அதற்குக் காசு வேண்டுமானால் கலர் லைட் ஃபேன்களை விட்டுவிடு. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கட்டும். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

பெங்களூர் எஸ்பி ரோடில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கம்ப்யூட்டர் கடை பூட்டியிருக்கும். வேலை நாளில்தான் போகவேண்டும். உனக்கு லீவு கிடைக்கிறதா, இல்லை இப்போது நேரம் இருக்கிறதா, தெரியவில்லை. எந்த நாள் போனாலும் ஒவ்வொரு பில்லிலும் சீரியல் நம்பரை எழுதி வாங்கு.

மாட்டும்போது அவசரப்படாதே. கேபினெட்டில் ஏற்றும் முன்பே மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து ஒருதரம் ஓட்டிப் பார். பிராசசர் மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் பாரத்திலேயே உட்காரும். உட்காரவில்லை என்றால் எடுத்து மறுபடி வை, அழுத்தாதே, பின் மடங்கிவிடும். பிராசசர் கூடவே வரும் கூலருக்கு போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றவேண்டும். கழற்றும்போது பின்பக்கத் தகட்டைக் கையால் பிடித்துக்கொள், இல்லையென்றால் விழுந்துவிடும். கூலர் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், விரல் படக்கூடாது. நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு.

ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் முதலில் போர்டின் மேல் மூலையில் 8 பின் சிபியு வயரைப் பார், முக்கால்வாசிப் பேர் மறப்பது அதைத்தான். 4+4 என்று பிரிவது சிபியு வயர், 6+2 என்று பிரிவது கார்டு வயர். மானிட்டர் கேபிளை கார்டில்தான் குத்தவேண்டும், 5600-க்குத் தனியாகப் படம் காட்டத் தெரியாது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸில் போய் 144 என்று மாற்று, அதுவாக 60-இலேயே நிற்கும்.

எஸ்எம்பிஎஸ் பற்றித் திரும்பவும் சொல்கிறேன். எழுதிவிட்டோமே என்று தோன்றுகிறது, ஆனாலும் சொல்கிறேன். மற்ற எந்தப் பாகம் மட்டமாக இருந்தாலும் அதோடு போகும். எஸ்எம்பிஎஸ் மட்டும்தான் போகும்போது எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். வோல்டேஜ் ஏறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு மட்டமானதில் இருக்காது. 12 வோல்ட் கம்பியில் கூடுதலாக ஏறியது நேரே போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போய்விடும்.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் ஆயிற்று. நீ வரைந்து வைத்த படம் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க கேம் ஆடியே எரித்துவிட்டாய் என்று சித்தப்பா வீட்டார் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். மறுநாள் காலையில் நீ ஸ்கூலுக்குப் போன பிறகு கழற்றிப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பிப் பழுப்பாக ஒழுகியிருந்தது. கேபினெட்டோடு வந்தது, நான் போட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் அதைப் போடாதே என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்குப் போட்டேன். கேம் ஆடியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உனக்குச் சொல்லவில்லை. அதை மூடிப் பழைய சாமானோடு போட்டுவிட்டேன். பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்ல நினைப்பேன், நீ வந்து ஒரு நாளில் கிளம்பிவிடுவாய். நீ அன்றைக்கு ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. தப்பு என்னுடையது, தம்பி.

550 வாட்ஸ் ஒன்று வாங்கி இன்று கூரியரில் போட்டிருக்கிறேன், பில் உன் பேரில். காசு அனுப்பாதே. என் மல்டிமீட்டரும் உள்ளே இருக்கிறது. வாடகை வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா பார்க்கவேண்டும்: மீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு காட்டுகிறதோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே காட்டவேண்டும், 230 பக்கம். பாதிதான் காட்டினால், அல்லது எண் நிற்காமல் ஆடினால், எர்த் இல்லை, கேபினெட்டைத் தொட்டாலே கை சுரீரென்னும். வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி செய்த பிறகு மாட்டு. அளக்கும்போது செருப்புப் போட்டுக்கொள். எண் எதுவும் புரியாவிட்டால் கூப்பிடு, 2.40 ஆனாலும் எடுப்பேன்.

பெட்டியில் இடம் இருந்தது என்று அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். தின்றுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் நன்றாகத் துடைத்த பிறகு போர்டைத் தொடு.

அப்பா