மூடிய டிரைவர்கள் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். புதிய மடிக்கணினி வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். கூடவே, மூலநிரல் தராத நிறுவனங்களின் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏன் அடியோடு தடுத்துவிடக் கூடாது என்றும் கேட்டிருந்தாய்.

உன் கோபம் எனக்குப் புதியதல்ல. என் பழைய மடிக்கணினியின் வைஃபை அட்டைக்கு அதைத் தயாரித்த நிறுவனம் மூலநிரல் இல்லாத மூடிய டிரைவரை மட்டுமே தந்திருந்தது. கெர்னலை ஒருமுறை புதுப்பித்ததும் அது இயங்க மறுத்தது. டிரைவர்கள் கெர்னலோடு பேசும் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் என்றால், இடைமுகத்தை மாற்றுகிறவரே அதையும் கையோடு திருத்திவிடுவார். மூடிய டிரைவரை நிறுவனம்தான் திருத்த வேண்டும், அந்த நிறுவனமோ அட்டையை எப்போதோ கைகழுவிவிட்டது. பழுதே இல்லாத அட்டை வீணானது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருந்தும் தடையை நான் ஏற்கவில்லை. 2006 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன், கெர்னலின் கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத மாட்யூல்களை (டிரைவர் போல, கெர்னலில் தனியே ஏற்றப்படும் நிரல் துண்டுகளை) 2008 ஜனவரி முதல் கெர்னல் ஏற்காதபடி செய்யும் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மறுக்கவே, விரைவில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜிபிஎல் கட்டுப்படுத்துவது நிரலைப் பிறருக்கு வழங்குவதைத்தானே தவிர, ஒருவர் தம் கணினியில் எதை இயக்குகிறார் என்பதை அல்ல. பயனரின் கையைக் கட்டும் பூட்டு நம்முடையதாக இருந்தாலும் பூட்டுதான்.

ஆனால், தடுக்காமல் இருப்பது வேறு, தாங்கிப் பிடிப்பது வேறு. மூடிய மாட்யூல் ஏறியதும் கெர்னல் தன்னைக் 'களங்கமுற்றது' எனக் குறித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கணினியிலிருந்து வரும் பிழையறிக்கையைக் கெர்னல் நிரலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பார்க்க முடியாத நிரலின் பிழைக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பார்கள்? கெர்னலின் சில செயற்கூறுகளும் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன. இடையில் ஒரு சிறிய ஜிபிஎல் மாட்யூலை வைத்து இந்த வேலியைத் தாண்டும் தந்திரத்தையும் 2020-இல் வெளியான 5.9 பதிப்பு அடைத்தது. 2008-இல் 100-க்கும் மேற்பட்ட நிரலாளர்கள் மூடிய மாட்யூல்கள் தீங்கானவை என்று கையெழுத்திட்டு அறிவித்ததையும் இந்த அழுத்தத்தின் பகுதியாகவே காண்கிறேன்.

இந்தப் பாதை மெதுவானதுதான். கிராபிக்ஸ் சிப்களைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2022 மே மாதத்தில்தான் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது. அதை நான் மனமார வரவேற்றேன், ஆனாலும் முழு நிறைவு இல்லை. கணிசமான வேலை அட்டையிலேயே ஓடும் ஃபர்ம்வேர் என்னும் மூடிய நிரலுக்குள் போய்விட்டது. அடுத்த வாதம் அங்கேதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

நீ பார்த்துவைத்திருக்கும் மடிக்கணினியில் எந்த வைஃபை சிப், எந்த கிராபிக்ஸ் சிப் என்று எழுது. அவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
கதிரவன்