தூக்கி வீசியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று விபத்துச் செய்திகள். மூன்றிலும் ஒருவர் "தூக்கி வீசப்பட்டார்". டவுன் பஸ் வளைவில் திரும்பியபோது படிக்கட்டில் நின்றிருந்த மாணவன், சென்டர் மீடியனில் மோதிய பைக்கை ஓட்டி வந்தவர், சாலையைக் கடக்கும்போது கார் மோதிய முதியவர். நான் பாலிடெக்னிக்கில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு 31 வருடம் மெக்கானிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன். சிவப்புப் பேனா இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூன்றாவது செய்திக்கு மட்டும் 'சரி' போட்டேன். முதியவரைக் கார் தூக்கி வீசியது உண்மை. மற்ற இருவரையும் யார் தூக்கினார்கள்?

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு பொருளை வரைந்து அதன்மேல் விசைக்கு அம்புக்குறி போட்டால், அந்த விசையைக் கொடுத்தது எது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். பூமி, தரை, கயிறு, சுவர், எதுவாகவும் இருக்கட்டும். எழுத முடியவில்லையா, அம்பை அழித்துவிடு. முதல் மாதம் பாதி அம்புகள் அழிபடும். "வீசப்பட்டார்" என்பது செயப்பாட்டு வினை. தமிழாசிரியரிடம் காட்டினால் அவரும் "யாரால்?" என்றுதான் கேட்பார். உங்கள் செய்தியில் அந்த 'ஆல்' இல்லை.

படிக்கட்டு மாணவனை எடுத்துக்கொள்வோம். பஸ் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. வாசல் இடப்பக்கம். டயரை ரோடு உள்பக்கமாகத் தள்ளியதால் பஸ் திரும்பியது. அந்தப் பையனைத் திருப்ப ஒரு கம்பியும் இரண்டு விரலும்தான் இருந்தன, இன்னொரு கையில் நோட்டு. விரல் வழுக்கியது. அதன்பின் அவன் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போனான். பஸ்தான் அவனை விட்டு விலகிப் போனது. உள்ளேயிருந்து பார்க்கிறவர்களுக்கு வெளியே வீசியதுபோலத் தெரியும்.

நம்பாதவர்கள் டிரைவர் சீட்டுக்கு எதிரே, சாமி படத்தின் கீழ் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்க்கட்டும். பஸ் வலது பக்கம் திரும்பினால் பழம் இடது பக்கம் உருளும். பிரேக் போட்டால் கண்ணாடியை நோக்கி ஓடும், கிளம்பும்போது பின்னால் வரும். அதை யாரும் தொடுவதில்லை. பள்ளிப் புத்தகத்தில் நிலைமம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அந்தப் பழம் ஒரு ரூட்டில் நூறு முறை நடத்திக் காட்டும்.

எனக்கே இது முழுதாக விளங்கியது 1993 ஐப்பசியில். மொபெட்டில் நான், பின்னால் மடியில் இட்லி மாவுத் தூக்குடன் என் மனைவி. நல்ல மழை விட்டிருந்த நேரம். திருப்பத்தில் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி. ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தினேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, நாங்களும் சாய்ந்தோம். தூக்கு மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல், வந்த திசையிலேயே போய் மூடி கழன்று, கருப்புத் தாரில் பத்தடி நீளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்க்கோடு. முழங்கால் சிராய்ப்போடு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரோ பிடிச்சுத் தள்ளின மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். யாரும் தள்ளவில்லை என்று அங்கேயே விளக்க ஆரம்பித்தேன். அதன்பிறகு அவள் வீடு வரும்வரை பேசவில்லை.

அன்று நான் செய்த தப்பை உங்கள் நிருபர்கள் "கட்டுப்பாட்டை இழந்த வாகனம்" என்று எழுதுவார்கள். வாகனத்துக்கும் சாலைக்கும் இருக்கும் தொடர்பு ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். அங்கே கிடைக்கும் உராய்வுதான் வண்டிக்குச் சம்பளம். வேகமெடுக்க, நிறுத்த, திருப்ப என மூன்று செலவும் அதற்குள்தான். மொத்தத்தையும் பிரேக்கில் செலவழித்துவிட்டால் திருப்பக் காசு இருக்காது. மழை நாளில் சம்பளமே பாதியாகிவிடும். நான் பாதிச் சம்பளத்தில் இரண்டு செலவை ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தேன். கட்டுப்பாடு எங்கும் தொலைந்து போகவில்லை, நானே செலவழித்துவிட்டேன்.

அடுத்தது "அதிவேகம்". எத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதுவதே இல்லை. வருடா வருடம் வகுப்பில் கேட்பேன்: வேகம் இரட்டித்தால் பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரம் எத்தனை மடங்கு? இரண்டு என்று கை தூக்குகிறவர்கள்தான் அதிகம். நான்கு. காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 9 மீட்டரில் நிற்கும் வண்டி 80இல் 36 மீட்டர் ஓடும். இதில் கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியைச் சேர்க்கவில்லை. 80இல் அந்த நொடிக்கு மட்டும் 22 மீட்டர். 60இல் போய்ச் சுவரில் மோதுவது 46 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாயவே பயப்படுகிறவர்கள்தான் பைக்கில் 60ஐத் தாண்டுகிறோம்.

காரில் முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்காக ஒரு கணக்கு. குழந்தை 10 கிலோ, கார் 40 கிலோமீட்டர் வேகம், மோதி நிற்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தக் கைகளுக்கு வேண்டிய பலம் 110 கிலோவுக்கு மேல், அதாவது ஒன்றரை மூட்டை அரிசி. எந்தத் தாயாலும் முடியாது, பயில்வானாலும் முடியாது. 1959இல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை சீட் பெல்ட், ஆளைக் காரோடு சேர்த்து நிறுத்துகிறது. அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. குழந்தைக்கு அதன் அளவுக்குத் தனி இருக்கை வேண்டும்.

என் வேண்டுகோள் சிறியதுதான். "தூக்கி வீசப்பட்டார்" என்று எழுதுமுன் நிருபர் போலீஸாரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: என்ன வேகம், ஹெல்மெட் அல்லது பெல்ட் இருந்ததா. பதில் கிடைத்தால் அந்த இரண்டையும் போடுங்கள். நியூட்டனையெல்லாம் இழுக்க வேண்டாம், இடமும் மிச்சமாகும்.

மாவு கொட்டிய அந்தத் திருப்பத்தில் இப்போது வேகத்தடை போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வெள்ளைக் கோடு மட்டும் இன்னும் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.