ஏணி கொடுத்தவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும்

அன்புள்ள தொகுதி மக்களே, தோள் கொடுத்த நண்பர்களே,

வணக்கம். சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல்களில், 2011இல் பலர் சேர்ந்து நிற்கும் குழுத்தொகுதி அணியில் ஒருவனாகவும், 2015இலும் 2020இலும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் வேட்பாளராகவும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவன் நான். மூன்று முறையும் தோற்றேன். இனி நிற்கப்போவதில்லை. கட்சிப் பொறுப்பையும் இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். முடிவு வந்த இரவுகளில் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பொதுவாக நன்றி சொன்னேனே தவிர, யார் என்ன செய்தீர்கள் என்று எடுத்துச் சொன்னதே இல்லை. அந்தக் கடன் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அம்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியாப்பம் பிழிவார். மரக்குழலை இரண்டு கையாலும் அழுத்தும்போது மணிக்கட்டு நரம்பு புடைத்து நிற்கும். தேங்காய்ப்பூவையும் நாட்டுச்சர்க்கரையையும் தனித்தனியாகக் கட்டிக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார். உரிமம் கிடையாது. எழுபதுகளில் ஒருநாள் அதிகாரிகள் வந்து கூடையை லாரியில் ஏற்றிவிட்டார்கள். அம்மா கத்தவில்லை, பின்னால் ஓடவில்லை. விரலில் ஒட்டியிருந்த மாவைச் சேலையில் துடைத்தபடி நின்றார். நான் அவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்றேன். என் அரசியல் அந்த இடத்தில்தான் பிறந்தது.

பிறகு உணவங்காடி நிலையத்தில் அவருக்கு ஒரு கடை கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர், தலைக்கு மேல் கூரை, விளக்கு. அதற்காகக் கடைசிவரை அரசாங்கத்தை வாழ்த்தினார். நான் மேடையேறும் நாள்களில், “கூடையை எடுத்ததும் அவங்கதான், குழாய் கொடுத்ததும் அவங்கதான். ரெண்டையும் சேர்த்துச் சொல்லுப்பா” என்பார். சில மேடைகளில் கூடையை மட்டும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. அம்மா இல்லாத இந்த நேரத்தில் அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ராஜாஜி பக்தர். அவர் 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் செய்திகளை, ஊரிலிருந்து கப்பலில் வரும் பழைய பத்திரிகைகளில் வரி விடாமல் படிப்பார். எதற்கெடுத்தாலும் அரசாங்க உரிமம் கேட்பதைச் சாடும் ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்’ என்ற சொல்லை நான் அரிச்சுவடிக்கு முன்பே கேட்டுவிட்டேன். 1967இல் அந்தக் கட்சி இந்திய மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தபோது எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் கேசரி போனதாம்.

வளர்ந்த மனிதர்கள் தங்கள் பணத்தையும் பொழுதையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், அடுத்தவருக்குத் தீங்கு வரும்போது அரசாங்கம் குறுக்கே வந்தால் போதும் என்பது என் கொள்கை. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் லிபர்டேரியன் என்றார்கள். கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியில் ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை உறுப்பினரே முடிவு செய்யட்டும் என்றேன். ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கச் சொன்னபோது நம்மவர்களிலேயே பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கியது. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இல்லாத மேளத்தைத் திரும்பக் கேட்டவர்களில் நானும் ஒருவன். 2016இல் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அதற்கு உழைத்தவர்கள் வேறு பலர். அவர்களுக்கும் என் வணக்கம்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். வேட்புமனுவுக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர், ஆதரிப்பவர்கள் நால்வர் என்று தொகுதி வாக்காளர்கள் ஆறு பேர் வேண்டும். 2015 செப்டம்பர் 1, பகல் 11 மணியிலிருந்து 12 மணி வரைதான் நேரம். முந்தின நாள் இரவு ஆறாவது ஆள் கூப்பிட்டார். “அண்ணே, வீட்ல பயப்படுறாங்க. மன்னிச்சிடுங்க.” அந்தத் தம்பிக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். காலையில் போனை அணைத்துவைக்காமல் இரவே சொன்னாரே, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

எங்கள் புளோக்கில் நான்காவது மாடியில் ஓர் அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லாத் தேர்தலிலும் ஆளுங்கட்சிக்கே போடுகிறவர், அதை மறைக்கவும் மாட்டார். இரவு பதினொரு மணிக்கு அவர் கதவைத் தட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஓட்டு உனக்குப் போட மாட்டேன் தம்பி. ஆனா ஆள் குறைஞ்சு போச்சுன்னு நீ நிக்காம இருக்கக் கூடாது” என்றார். காலையில் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கீழே நின்றார். படிவத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை தாளைக் கையில் பிடித்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார். அந்தத் தேர்தலில் 14,500 வெள்ளி வைப்புத்தொகை தப்பியது. அண்ணன் சொன்னபடியே எனக்குப் போடவில்லை என்று முடிவு வந்த மறுநாளே சொல்லிவிட்டார். அவரைவிட ஒரு நல்ல சுதந்திரவாதியை நான் பார்த்ததில்லை.

துண்டறிக்கையை நான்கு மொழிகளிலும் அச்சடித்தோம். மொழிபெயர்த்த இருவரிடம் நான் படித்த பாடம் பெரியது. ‘தனிமனித சுதந்திரம்’ என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, சீனத்தில் எழுதிக் கொடுத்த ஆசிரியை, “இதை அப்படியே போட்டால் ‘சுயநலக்காரன்’ என்று படும். ‘தன் பொறுப்பைத் தானே ஏற்பது’ என்று எழுதட்டுமா?” என்று கேட்டார். மலாயில் பார்த்துக் கொடுத்த மக்சிக், அந்த மலாய் அத்தை, சுதந்திரம் என்று பொருள்படும் ‘பெபாஸ்’ என்ற சொல்லை அடித்தே விட்டார். வயதுவந்த பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அது கட்டவிழ்த்துவிடுவது போலக் கேட்குமாம். ‘பிலிஹான்’ போடு, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்றால் எல்லாருக்கும் பிடிக்கும் என்றார். அன்றிரவு தமிழ் அறிக்கையையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இருபது ஆண்டுகள் பேசிய கொள்கையை அவர்கள் இருவரும் ஒரு கோப்பிக்கடை மேசையில் எனக்கே விளங்கவைத்தார்கள். ஒரு காசு வாங்கவில்லை.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பஃப்ளோ ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் அக்காவை மறந்தால் சாமி மன்னிக்காது. அந்த வட்டாரத்தில் 2013 டிசம்பர் 8 நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. வாரம் ஆறு நாள் உழைக்கும் தொழிலாளி, யாருக்கும் தொந்தரவில்லாமல் புல்வெளியில் உட்கார்ந்து ஒரு பீர் குடிப்பதைத் தடுக்கக் கூடாது என்று பேசினேன். அக்கா நேராக வந்து, “ஞாயித்துக்கிழமை ராத்திரி என் வீட்டு மாடிப்படியில ஒருநாள் நடந்து பாரு. பேசுறதுக்கு முன்னாடி வாந்தியைக் கழுவிப் பாரு” என்றார். நான் போய்ப் பார்த்தேன். என் முடிவு மாறவில்லை, அவர் முடிவும் மாறவில்லை. அப்பாவும் அவர் பக்கம்தான். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரே ராஜாஜிதானே. அந்த இடத்தில் ராஜாஜியோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் பிரசாரம் நடந்த ஒவ்வொரு மாலையும் தூக்குச்சட்டியில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் எங்கள் ஆள்களுக்கு வந்தது அக்கா வீட்டிலிருந்துதான்.

தேக்காவில் பூக்கட்டும் அம்மா 200 வெள்ளியை வெற்றிலையில் மடித்துக் கொடுத்தார். அவர் நிரந்தரவாசி. தனி ஆள்களில் குடிமக்களிடம் மட்டுமே நன்கொடை வாங்கலாம் என்பது சட்டம். திருப்பிக் கொடுத்தபோது அவர் கண் கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் கொடுத்ததாகவே நினைக்கிறேன், அம்மா.

2020இல் பொதுக்கூட்டம் கிடையாது, முகக்கவசம், ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து போக முடியாது. கைப்பேசியைத் தாங்கிப் பிடித்து என் பேச்சைப் பதிவு செய்த பிள்ளைகளுக்கு, இரவு பத்து மணிவரை நீண்ட வாக்களிப்பில் சாவடியை விட்டு அசையாத முகவர்களுக்கு, நன்றி. பதினான்கு வருடம் வார இறுதியையே பார்க்காத என் மனைவிக்கு இங்கே எழுதினால் போதாது. வீட்டில் சொல்கிறேன்.

கடைசியாக, புளோக்கின் கீழே சாமான் கடை வைத்திருக்கும் தவுக்கே. சுவரொட்டியைத் தரையிலிருந்து 2.2 மீட்டருக்கு மேல் கட்ட வேண்டும் என்றதும், விலைச்சீட்டு ஒட்டியிருந்த புது அலுமினிய ஏணியை எடுத்து நீட்டினார். அது 2011. அடுத்த இரண்டு தேர்தலுக்கும் அதே ஏணிதான். ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கடை திறந்ததும், ஏணியைத் துடைத்து எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் முன்னாள் வேட்பாளர்