ஐந்து கடல் மைலுக்கு அந்தப் பக்கம்: விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காசிமேடு முதல் நாகப்பட்டினம் வரை விசைப்படகு வைத்துத் தொழில் செய்யும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்த மடல் ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமையைப் பற்றியது. ஆமை என்றதுமே 'கிளம்பிட்டான்யா ஒருத்தன், கடற்கரையில காத்து வாங்கிட்டு நமக்குப் புத்தி சொல்ல' என்று உங்களில் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவீர்கள், தெரியும். அதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: மீன்பிடிப்பதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. எந்த மாதத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எப்படிப்பட்ட மடியோடு, அதாவது இழுவை வலையோடு, என்பதுதான் பேச்சு.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரையோரம் ஒதுங்கிய ஆமைகளை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது என்று செய்தி வந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அதுவும் கரைக்கு வந்தவை மட்டும்தான். காற்றும் நீரோட்டமும் வேறு பக்கம் இருந்தால் செத்தது கரைக்கே வராது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கப்பலில் அடிபட்டது, தண்ணீர் கெட்டுவிட்டது என்றெல்லாம் அப்போது பேச்சு எழுந்தது. கப்பலிலோ படகின் காற்றாடியிலோ அடிபட்டால் ஓடு பிளந்திருக்கும். ஆனால் ஓட்டில் கீறல்கூட இல்லாமல், கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடக்கிற ஆமையைப் பார்த்தால் அது தண்ணீருக்குள் மூச்சு முட்டித்தான் செத்தது என்று யாருக்கும் புரியும். கடலிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கா புரியாது?

ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா கிடக்கும்போது நெடுநேரம் தம் பிடிக்கும், ஆனால் மடிக்குள் மாட்டித் திமிறும்போது அந்தக் காற்றெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இழுவைமடியைப் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துவிட்டுத்தானே தூக்குகிறீர்கள், அதற்குள் எல்லாம் முடிந்துபோகிறது. சினையோடு வந்த பெட்டையாக இருந்தால் அதோடு நூற்றுச் சொச்சம் முட்டையும் போகும். ஒரு குஞ்சு பெரிதாகி முட்டையிடும் வயதுக்கு வரவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும், ஆயிரம் குஞ்சு கடலுக்குள் இறங்கினால் ஒன்று தேறுவதே பெரிது என்பார்கள். அப்படித் தேறிய ஒன்று பிறந்த கரையைத் தேடி முட்டையிட வரும்போதுதான் உங்கள் மடி குறுக்கே வருகிறது.

ஏன் குறுக்கே வருகிறது என்பதும் ரகசியம் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ஆமைகள் கரையை ஒட்டித்தான் சுற்றும். மழைக்காலம் முடிந்த கையோடு கரையோரச் சேற்றுத் தரையில் இறாலும் கிடைக்கும், தூரம் போகாவிட்டால் டீசலும் மிச்சம். டீசல் விற்கிற விலையில் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், இழுவைமடி போடக்கூடாது என்பது ஆமைக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி இல்லை, 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் படகைக் கட்டிவைக்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். அது மீன் இனப்பெருக்கத்துக்காகக் குறித்த தேதி. தடை தொடங்கும்போது ஆமை முட்டையிட்டு முடித்திருக்கும், அல்லது செத்திருக்கும்.

இந்த 5 மைல் கோட்டை ஆமைக்காக வைத்த வேலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் தொழில் செய்கிற தண்ணீர் அது. உங்கள் படகு ராத்திரியில் உள்ளே வந்து போனால் அவர்கள் விரித்த வலையும் அறுந்து போகிறது, விடிந்தால் அது ஊர்ப் பஞ்சாயத்தாகிறது. உண்மையைச் சொன்னால் இந்தக் கோட்டை மதிக்கச் சொல்லி எங்களை மாதிரி ஆட்கள் வாயைத் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே சண்டை போட்டது அவர்கள்தான். படகு எங்கே நின்றது என்று இனி மறைக்கவும் வழியில்லை. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை அரசாங்கமே விசைப்படகுகளில் பொருத்தியிருக்கிறது. அதைக் கரையில் இருக்கிறவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்பது மீன்வளத்துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி, அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம், இன்னும் காரமாக.

அடுத்தது ஆமை விலக்குச் சாதனம். மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதற்கு நேராக ஒரு திறப்பு, அவ்வளவுதான். இறாலும் மீனும் கம்பிக்கு நடுவில் புகுந்து பின்னால் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். 'ஆபீசர் எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து கண்டுபிடித்தது' என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: இதன் மூலம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து இறால் மீனவர் ஒருவர் செய்தது. மடி நிறையச் சொறி (ஜெல்லி மீன்) வந்து அடைத்து அவருக்குக் கிடைத்த மீன்பாடு கெட்டுப்போனது, அந்தச் சொறியைக் கழித்துவிடத்தான் கம்பிச் சட்டம் கட்டினார், ஆமை தப்பித்தது கூடுதல் லாபம். சொறி அள்ளி அள்ளிக் கை எரிந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இல்லை? நம் கடலுக்கும் நம் மடிக்கும் தக்கபடி கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் ஒரு வடிவம் செய்து வைத்திருக்கிறது. திறப்பு வழியாகப் பாதிப் பாடு போய்விடும் என்கிற பயத்தை ஒரு நாள் கட்டி இழுத்துப் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம்.

காசு கணக்கே பேசுவோம். இந்தச் சாதனம் இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்காது, அங்கே அது சட்டம். அந்த இறக்குமதிச் சட்டத்தை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பு வரை போய்ப் பார்த்தன, 1998 தீர்ப்பில் சட்டத்தை அமல்படுத்திய விதத்தில் குறை சொன்னார்களே தவிரச் சட்டம் நின்றுவிட்டது. 2019 முதல் நம் கடல் இறாலுக்கு அங்கே கதவு மூடியே இருக்கிறது, பண்ணையில் வளர்த்த வனாமி இறால் மட்டும் போகிறது. அதாவது, ஆமையைக் காப்பாற்றாததால் உங்கள் இறாலுக்குத்தான் விலை குறைகிறது.

ஒடிசாவில் ஆமைகள் கூட்டமாக வந்து முட்டையிடும் கஹிர்மாதா, ருஷிகுல்யா போன்ற கரைகளுக்கு எதிரே நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் மீன்பிடித் தடை. அப்படி ஒன்று இங்கேயும் வரட்டும் என்று நான் கேட்கவில்லை, அங்கே மீனவக் குடும்பங்கள் பட்ட கஷ்டம் சின்னதில்லை. ஆனால் இருக்கிற 5 மைல் கோட்டையே மதிக்காமல் இருந்தால் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒருநாள் அதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் ஒளிக்கவில்லை. கடற்கரையில் கண்ணைக் கூசும் விளக்குப் போட்டுக் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் ரோட்டுப் பக்கம் நடக்கவிடுவது நகரத்துக்காரர்கள்தான், இறால் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பேரம் மட்டும் பேசுகிறவர்களும் நாங்கள்தான். அந்தச் சண்டையை நாங்கள் எங்களோடு போட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு துறைமுகத்திலும் சங்கக் கூட்டம் போட்டு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 5 மைலுக்குள் வருகிற படகுக்கு அபராதம் என்று நீங்களே தீர்மானம் போடுங்கள்; போலீஸ் சொன்னால் கேட்காத ஓட்டுநர்கூடச் சங்கம் சொன்னால் கேட்பார். ஆமை விலக்குச் சாதனத்தை முதலில் துறைமுகத்துக்குச் சில படகுகளில் கட்டிப் பாருங்கள், செலவை அரசாங்கத்திடம் வாதாடிக் கேளுங்கள், அதற்கு எங்கள் கையெழுத்தும் கூட வரும். மடி தூக்கும்போது ஆமை மயங்கிக் கிடந்தால் உடனே கடலில் தள்ளிவிடாமல் பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைத்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் விட்டால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, இதை டெக்கில் நிற்கிற பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். தீர்மானம் போட்டதும் நகலை ஏலக்கூடத்து வாசலில் ஒட்டிவிடுங்கள், மீன் வாங்க வரும்போது நாங்களும் படித்துக்கொள்கிறோம்.