லாக் செட் மாற்றவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை அம்மா தினமும் போனில் கேட்டுக்கொள்கிறாள், அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

இதையும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பைக்கில் சாவி சிக்குகிற பேச்சை எடுத்தாலே நீ, "லாக் செட்டையே மாத்திருங்கப்பா, பணம் அனுப்புறேன்" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதுதான்.

உன் வண்டியில் சாவி இப்போது ஒற்றை விரலில் திரும்புகிறது. லாக் செட் மாற்றவில்லை.

போன மாதம் வரை அது பட்ட பாடு உனக்குத் தெரியாது. சாவி பாதியில் நிற்கும். அசைத்து அசைத்து உள்ளே தள்ளினால் திரும்பாது. திரும்பிவிட்டால் வெளியே வராது. அம்மாவிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது: சாவியைப் போட்டுவிட்டு லாக்கின் தலையில் செருப்பால் இரண்டு தட்டு. பாதி நாள் அதற்குக் கேட்கவும் செய்தது, சவம்.

மெக்கானிக் அண்ணாச்சியும் நீ சொன்னதையேதான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. செட்டாக மாற்றினால் இக்னிஷனோடு, நன்றாக இருக்கும் டேங்க் மூடியையும் பக்கப் பூட்டையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இக்னிஷனை மட்டும் மாற்றினால் ஒரு வண்டிக்கு இரண்டு சாவி. இருக்கும் ஒரு சாவியைத் தேடவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

முதலில் கோளாறு சாவியிலா, லாக்கிலா என்று பார்த்தேன். அதே சாவியை டேங்க் மூடியில் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. பீரோவில் ஆர்.சி. புக்கோடு கிடந்த, நீ ஒரு நாளும் தொடாத இரண்டாவது சாவியையும் எடுத்தேன். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால், புதுச் சாவியின் பற்கள் கூராக நிற்கின்றன, உன்னுடையது கரைந்த சோப்பு மாதிரி முனையெல்லாம் உருண்டிருக்கிறது. ஆனால் புதுச் சாவியும் இக்னிஷனில் சிக்கத்தான் செய்தது. ஆக, சாவிக்குத் தேய்மானம் உண்டு, ஆனால் நோய் லாக்குக்குள்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், சாவியோடு திரும்புகிற ஒரு உருளை, அதில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு அதைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும். சரியான சாவி நுழைந்ததும் அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்ப எல்லாத் தகடும் உள்ளே இழுத்துக்கொள்ளும், உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு அழுக்கில் ஒட்டிக்கொண்டு மயிரிழை வெளியே நின்றால் போதும், முறுக்கினாலும் நடக்காது. முறுக்கினால் ஒடிவது சாவிதான்.

அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. தாமிரபரணி நம்ம சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்தபோது உன் வண்டி வாசலில் நின்றது. ஹேண்டில் வரை தண்ணீர். வடிந்த பிறகு இஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தோம். சாவித் துவாரத்தை யாரும் நினைக்கவில்லை. அது வானத்தைப் பார்த்து இருக்கிற கிண்ணம், போன வண்டல் அங்கேயே தங்கிவிட்டது.

சரி, வண்டல் ஆற்றுடையது. மிச்சம் என்னுடையது. சாவி லேசாகப் பிடிக்க ஆரம்பித்ததும் நான்தான் தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடும், மறுபடி பிடிக்கும், மறுபடி இரண்டு சொட்டு. ஒன்றரை வருஷம் இப்படி. எண்ணெய் தெருப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் லாக்குக்குள் மட்டும் உறையாமலா இருக்கும்? நீ சாவியை முரட்டுத்தனமாகத் திருப்பித்தான் கெட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். லாக்குக்கு அடியில்தான் சுவிட்ச் இருக்கிறது, கரண்ட் இருக்கும்போது ஈரம் இறங்கக் கூடாது. டபிள்யூடி-40 டப்பாவின் மெல்லிய குழாயைத் துவாரத்தில் விட்டு அடித்தேன். 1953இல் அமெரிக்காவில் ஏவுகணையின் உலோகம் துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்தது அது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் 40 என்று பெயர். தண்ணீரை விரட்டும், அழுக்கை இளக்கும். ஆனால் உயவு நெடுநாள் நிற்காது, அதனால் அதோடு விட்டுவிடக் கூடாது. புதுச் சாவியை முப்பது தடவை உள்ளே வெளியே இழுத்து, ஒவ்வொரு தடவையும் பழைய வேட்டித் துண்டில் துடைத்தேன். முதலில் கறுப்புக் களிம்பு. அதில் பொடிப்பொடியாகப் பித்தளை மினுங்கியது. அப்புறம் காப்பித் தூள் நிறத்தில் ஒரு மண். தொட்டுத் தேய்த்தால் நரநரக்கவில்லை, மாவு மாதிரி இருந்தது. நம்ம தாமிரபரணி வண்டலேதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "துணியை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க" என்றாள்.

பிறகு பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய்க் காற்று அடித்தேன். முகத்தைத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று அடித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி ஸ்பிரே, மறுபடி துடைப்பு, துணியில் கறை படியாத வரைக்கும். ஒரு ராத்திரி உலரவிட்டேன்.

மறுநாள் உன் பழைய டிராயிங் பென்சில் ஒன்றை, 6பி, உப்புத்தாளில் உரசிப் பொடியாக்கிச் சாவிப் பற்களில் தடவிப் போட்டேன். பென்சில் முனை கிராஃபைட்தானே, காய்ந்த பொடி வழுக்கும், புழுதியை இழுக்காது. ஆனால் அது கரண்டைக் கடத்தும், கை நிறையக் கொட்டினால் அடியில் சுவிட்சில் போய் உட்காரும். சாவியில் ஒட்டியது மட்டும் போதும். மூன்றாம் தடவை திருப்பியபோது அந்த 'டிக்' சத்தம் கேட்டது. வண்டி வாங்கிய புதிதில் கேட்டது, நினைவிருக்கிறதா?

நீ ஓட்டும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது. ஹேண்டில் லாக் எடுக்க வராவிட்டால் சாவியை முறுக்காதே. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் லாக் கம்பியின் மேல் ஹேண்டிலின் பாரம் ஏறியிருக்கும். ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே திருப்பினால் தானாக வந்துவிடும். அப்புறம் உன் சாவிக்கொத்து. பாட்டில் திறப்பான், வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, ஒரு பித்தளை யானை. வண்டி குலுங்க அது தொங்கி ஆடி ஆடிச் சாவியையும் தகட்டையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறது. யானையைக் கழற்றி டிவி மேல் வைத்திருக்கிறேன்.

ஜங்ஷனில் சாவி வெட்டுகிறவரிடம் புதுச் சாவியைக் கொடுத்து ஒரு நகல் எடுத்துவிட்டேன். அவர் உன் சாவியையே மாதிரியாகக் கேட்டார், கொடுக்கவில்லை. தேய்ந்ததைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த சாவிதான் புதிதாகக் கிடைக்கும்.

ஆனித் தேரோட்டத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனுக்கு வந்ததும் போன் போடு, ஆட்டோ பிடிக்காதே. நடந்து வருகிற தூரம்தான், தெரியும். இருந்தாலும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா