பழைய எம்.ஜி. காருக்கு என்ன விலை கேட்பது, என்ன விலை கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வாகன விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து பார்க்கிற ஆள் நான். மோறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் யாழ்ப்பாணத்தில் எப்போதும் விற்பனைக்கு வருகிறவைதான், அவற்றின் விலை கராச்சில் நிற்கிற பெடியனுக்கும் தெரியும். ஆனால் வளவில் மூடிக் கிடந்த எம்.ஜி. மிட்ஜெற், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், ட்ரயம்ப் ஸ்பிற்பயர் மாதிரி இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை யாராவது விற்க வெளிக்கிட்டால் குழப்பம் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் காணி விலை சொல்கிறார்கள். இன்னொரு வீட்டில் தகப்பன் பொத்திப் பொத்தி வைத்திருந்த காரை, அவர் காலமான பிறகு, பழைய இரும்பு விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

முதலில் லண்டன் விலை. விற்கிறவரின் மகனோ மருமகனோ லண்டனில் இருப்பார், அதே மொடல் காருக்கு இணையத்தில் போட்டிருக்கிற விலையைப் பார்த்து, பவுணை ரூபாயாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் விலை. அங்கே ஒருவர் கேட்கிற விலை அது. அந்த விலைக்குக் கார் போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைவிட, இங்கிலாந்தில் ஒரு எம்.ஜி.பி. (மிட்ஜெற்றைவிடப் பெரிய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்) வாங்குகிறவருக்குப் பின்னால் பாகங்கள் விற்கிற ஒரு பெரிய வியாபாரமே நிற்கிறது. 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழு பொடியையே, அதாவது காரின் தகட்டு உடலையே, புதிதாக அடித்து விற்கிறார்கள், கறள் தின்ற காரைக் கழற்றி எல்லாவற்றையும் புது பொடியில் பூட்டலாம். நாங்கள் இங்கே ஒரு கதவு ரப்பருக்கு விமானத்தில் வருகிற சொந்தக்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இறக்குமதிக்கு வயது வரம்பு இருக்கிறபடியால் 50, 60 வருடப் பழைய காரை அங்கே வாங்கிச் சாதாரணமாக இங்கே இறக்கவும் முடியாது. ஆகவே அந்த விலை எங்களுக்கு மேலேயும் இழுக்காது, கீழேயும் இழுக்காது, அது வேறு சந்தை.

இன்னொன்று, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நாட்டில் உருளக்கூடிய எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. 2025இல் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி விட்டார்கள். ஆனால் அந்த இடைக்காலத்தில் காதில் விழுந்த விலையைப் பிடித்துக்கொண்டு இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு தர்க்கம் செய்து பிரயோசனம் இல்லை, காரைப் பார்க்கப் போவதுதான் நல்லது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அதே மொடலில், பத்திரம் சுத்தமாக, கறள் இல்லாமல், இன்று சாவி கொடுத்தால் வவுனியா வரைக்கும் போய்வரக்கூடிய ஒரு கார் இந்த நாட்டில் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் இருக்கின்றன, அவர்களிடையே ஒரு கார் விற்றால் விலை எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை நூறு என்று வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்கிற கார் அந்த நிலைக்கு வருவதற்கு என்ன செலவு, எவ்வளவு காலம், எவ்வளவு அலைச்சல் என்று நூறிலிருந்து கழியுங்கள். வளவில் கிடக்கிற காருக்கு ஒரு விலை வைத்துவிட்டு அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு போகிற கணக்கில்தான் வாங்குகிறவர் மாட்டுப்படுகிறார், ஏனென்றால் திருத்தி முடிக்கிற செலவு பெரும்பாலும் நல்ல காரின் விலையைத் தாண்டிவிடும்.

கழிக்க வேண்டியதில் பெரும் பங்கு பொடியில் இருக்கிறது. மிட்ஜெற், ஸ்பிரைற், எம்.ஜி.பி. மூன்றுக்கும் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது, தகடுதான் காரைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரைக்கும் ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி உக்கிப்போனால் கார் நடுவில் தொய்யும். மேலே கூரை இல்லாத கார் என்பதால் அதைப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. எங்கள் ஊர் உப்புக் காற்று இதற்கு எமன். பருத்தித்துறையிலும் காரைநகரிலும் குருநகரிலும் நின்ற காரையும் உள்ளே சுன்னாகம் பக்கம் நின்ற காரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள், மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் தொய்ந்துவிட்டது. அப்புறம் ஜக் போட்டுப் பக்கவாட்டில் தூக்கி, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். இறுகினால் விலையில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. விற்கிறவர் ஜக் போட விடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். கால்விரிப்பைத் தூக்குங்கள், இருக்கைக்குப் பின்னால் வில்லுத் தகடுகள் பூட்டியிருக்கிற இடத்தை ரோச் அடித்துப் பாருங்கள், ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சில்லுக்கு மேலேயும் வைத்துக்கொண்டு போங்கள், ஒட்டாத இடத்தில் பெயின்றுக்குக் கீழே இருப்பது புட்டி.

இதில் எங்கள் ஊர் வேலை முறை ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உக்கின தகட்டை வெட்டி எடுக்காமல் அதற்கு மேலேயே புதுத் தகட்டை ஒட்டு வைத்து, புட்டி பூசி, சிவப்போ பச்சையோ அடித்து விடுகிறார்கள். வெளியில் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும், உள்ளே கறள் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நேற்றுப் பெயின்ற் அடித்த ஸ்போர்ட்ஸ் காரைவிட, மங்கி வெடித்த பழைய பெயின்றோடு தகடு முழுசாக இருக்கிற காருக்கு நான் கூடக் கொடுப்பேன். பளபளக்கிற காருக்குப் பெரிய விலை சொல்கிறவர், திருத்தும்போது எடுத்த படங்களைக் காட்டட்டும். படம் இல்லையென்றால் திருத்தாத கார் என்றே கணக்குப் போடுங்கள். ஸ்பிற்பயர், எம்.ஜி.ஏ. இரண்டுக்கும் தனிச் செசி உண்டு, ஆகவே தகட்டுக் கறள் அங்கே உயிரைக் கொல்லாது, செசியைப் பார்க்க வேண்டும். 1950களின் எம்.ஜி. ரி.டி., ரி.எப். கார்களுக்குத் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. கறையான் ஏறுகிற எங்கள் வளவுகளில் அதன் அர்த்தம் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

எஞ்சினைப் பற்றி விற்கிறவரும் வாங்குகிறவரும் கதைக்கிற அளவுக்கு அதில் காசு இல்லை. எஞ்சின் இறுகிவிட்டது என்று சொல்லித் தரகர் விலையைப் பாதியாக்குவார், காரை விற்கிற வீட்டுப் பெண்மணிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியும். உண்மையில் பழைய மிட்ஜெற்றிலும் ஸ்பிரைற்றிலும் இருப்பது மோறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் வம்சம்தான், முதலில் 948 சி.சி., பிறகு 1098. மைனரில் ஒரு காபரேற்றர், இதில் இரண்டு. எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. எஞ்சின் எங்கள் தெருக்களில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ55 எஞ்சினின் கூடப்பிறந்தது. பெற்றோல் வராத போர்க்காலத்தில் இந்தக் கார்களுக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓட்டி, ஊரை இயங்க வைத்த மெக்கானிக்மார் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். இந்த எஞ்சின் அவர்களுக்குக் கைப்பாடம். வேறெந்த ஊரையும்விட யாழ்ப்பாணத்தில் எஞ்சின் வேலைக்குக் குறைவாகக் கழித்தால் போதும் என்பது என் கருத்து.

ஆனாலும் மண்ணெண்ணெயில் ஓடிய காருக்கு ஒரு கழிவு உண்டு. முழுக்க எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பேரிங்குகள் தேயும், சிலிண்டரும் தேயும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஓடவிட்டு ஒயில் அழுத்தத்தைப் பாருங்கள், ஓட்டத்தில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் பயமில்லை. 1974இன் பிற்பகுதிக்குப் பிறகு வந்த, கறுப்பு ரப்பர் பம்பர் போட்ட மிட்ஜெற்றில் இருப்பது ட்ரயம்பின் 1493 சி.சி. எஞ்சின், அதற்கு மைனர் பாகம் ஒன்றும் பொருந்தாது. பொதுவாகவே குரோம் பம்பர் கார்களை விட ரப்பர் பம்பர் கார்களுக்கு விலை குறைவு, எம்.ஜி.பி.யிலும் அப்படித்தான்.

எஞ்சினைவிட விலையைத் தின்பது காணாமல் போன சாமான்கள். முன் கண்ணாடிச் சட்டம், மடிக்கிற துணிக்கூரையின் கம்பிகள், பக்கக் கண்ணாடிகள், முன் கிறில், மீற்றர்கள், கம்பிச் சில்லுகள். இவை மைனரிலோ கேம்பிறிட்ஜிலோ கழற்ற முடியாதவை. கொட்டிலில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற சாமானைக் குப்பை என்று வீசாதீர்கள் என்று விற்கிற குடும்பங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எஞ்சின் இல்லாமல் மற்ற எல்லாம் இருக்கிற கார், எஞ்சின் ஓடி மற்றவை இல்லாத காரைவிடப் பெறுமதியானது.

பத்திரத்துக்கு வருவோம். காணி வாங்கும்போது உறுதியை நாலு பேரிடம் காட்டி வாசிக்கிற நாங்கள், காரின் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவும் வெட்கப்படுகிறோம். 1995 இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த கார்கள் உண்டு, பதிவுக்காரர் கனடாவில் காலமாகிவிட்ட கார்கள் உண்டு, ஓப்பின் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு மட்டும்) கைமாறிக் கைமாறி வந்து கடைசிச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாத கார்களும் உண்டு. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறுகிற வரைக்கும் அது உங்களுடைய கார் இல்லை. அந்த வேலையை விற்கிறவர் முடித்துத் தந்தால் ஒரு விலை, வாங்குகிறவர் தலையில் விழுந்தால் வேறு விலை, இடையிலுள்ள வித்தியாசம் சின்னது இல்லை. புத்தகமே இல்லாத காரைப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள், பாகங்களின் விலையை மட்டும் கொடுங்கள்.

புத்தகம் இருந்தால் அதிலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். மிட்ஜெற்றின் செசி இலக்கம் ஜி.ஏ.என். என்றும் எம்.ஜி.பி. திறந்த காரினது ஜி.எச்.என். என்றும் தொடங்கும். 1961இல் வந்த முதல் மிட்ஜெற்றின் எஞ்சின் இலக்கம் 9 சி.ஜி. என்று தொடங்க, அதே அளவு மைனர் எஞ்சின் 9 எம் என்று தொடங்கும். அந்த இடத்தில் ‘எம்’ என்ற எழுத்தைக் கண்டால் யாரோ எப்போதோ மைனர் எஞ்சினைத் தூக்கிப் பூட்டியிருக்கிறார்கள். கார் ஓடும், தவறில்லை, போர்க்காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் அந்த மாற்றம் பதியப்படவில்லை என்றால் பெயர் மாற்றும்போது சிக்கல் வரும், அசல் எஞ்சினோடு உள்ள காரின் விலையும் அதற்குக் கிடையாது. பெரிய விலை பேசுகிறவர்கள் இங்கிலாந்தில் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குச் செசி இலக்கத்தை அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தக் கார் என்றைக்குச் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த எஞ்சினோடு வெளியே வந்தது என்று சான்றிதழ் தருவார்கள். வாட்ஸ்அப்பில் விலை அனுப்புகிற மருமகன் இந்த உதவியைச் செய்தால் நல்லது.

விற்கிற வயது போன ஆட்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். முதலில் வருகிற தரகருக்கு விலை சொல்லாதீர்கள். அவர் கறளைக் காட்டாமல் எஞ்சினைக் காட்டிப் பயமுறுத்தினால், பொடி நல்லாய் இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாங்குகிறவருக்கு அந்தத் தாளையே காட்டுங்கள். கறள் இருக்கிற இடத்தை நீங்களே சொல்லி விற்றால் பிறகு யாரும் வீட்டுப் படலையில் வந்து சத்தம் போடமாட்டார்கள், நீங்கள் சொல்கிற மற்ற விடயங்களையும் நம்பி விலை கொடுப்பார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விளம்பரப் பகுதியில் பழைய கார்களுக்கு “நல்ல நிலையில்”, “அரிய வாகனம்” என்று மட்டும் போடாமல், செய்யப்பட்ட ஆண்டு, பதிவுப் புத்தகம் இப்போது யார் பெயரில் இருக்கிறது (விற்கிறவர் பெயரிலா, வேறு ஆள் பெயரிலா என்றாவது), கடைசியாக எந்த வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப்பட்டது, எஞ்சின் மாற்றப்பட்டதா என்ற நான்கையும் விளம்பரம் தருகிறவரிடம் கேட்டு அச்சிட முடியுமா? இரண்டு வரி கூடும், அதற்கான கட்டணத்தை விற்கிறவர் கொடுக்கலாம். பதில் சொல்லாதவரின் விளம்பரத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள், வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.