ஓநாய் மனிதனை ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பேய்ப்படக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆவி, காட்டேரி, பேய் புகுந்த பொம்மை என்று எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஓநாய் மனிதன் படங்களை மட்டும் 'முடி ஒட்டிய வேஷம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீடியோ கேசட் காலத்திலிருந்து இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறவள் நான். அந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

மற்ற பேய்ப் படங்களில் பயம் வெளியிலிருந்து வரும். கிணற்றடியிலிருந்து வரும், பூட்டிய அறையிலிருந்து வரும், பூசாரியைக் கூப்பிட்டால் போய்விடும். ரத்தக் காட்டேரிக்கோ தான் செய்வதில் துளி வருத்தம் கிடையாது. பௌர்ணமி ராத்திரியில் மட்டும் ஓநாயாக மாறும் ஓநாய் மனிதன், மாதத்தில் மிச்ச நாளெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனைப் போல இருப்பான். பௌர்ணமி கழிந்து விடிந்ததும், ராத்திரி யாரை என்ன செய்தோம் என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். 'என்னைக் கட்டிப் போடுங்கள்' என்று அவனே கெஞ்சுவான். அந்தக் கெஞ்சலுக்காகத்தான் நான் இந்தப் படங்களுக்குப் போகிறேன்.

1941-இல் வந்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில், தான் ஓநாயாக மாறுவதாக மகன் சொல்வதை அப்பா நம்ப மாட்டார். மனசு தெளியட்டும் என்று அவனை நாற்காலியில் கட்டிவைப்பார். கடைசியில், பனி மூடிய காட்டில் வெள்ளிப்பிடி போட்ட கைத்தடியால் ஓநாயை அடித்துக் கொன்றுவிட்டு நிற்பார். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, மகனாகக் கிடக்கும். நல்ல மனசுக்காரன், ராத்திரி தவறாமல் பிரார்த்தனை செய்கிறவன்கூட ஓநாயாகலாம் என்று அதில் ஒரு பாட்டு வரும். பழைய நாடோடிப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் தானே கட்டிய வரிகள் அவை. ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். நேற்றுவரை நன்றாகப் பேசிய ஊர் ஒரே நாளில் மாறியதைக் கண்டவர் கையிலிருந்து இப்படி ஒரு கதை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வேஷம் என்று சொன்னதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-இல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் நாயகன் ஓநாயாக மாறுவது இருட்டில் நடக்காது. விளக்கு எரிகிற வரவேற்பறையில், நம் கண் முன்னாலேயே அவன் உள்ளங்கை நீளும், முதுகெலும்பு புடைத்து எழும். பின்னால் மெல்லிய காதல் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாமல், ரப்பரையும் இயந்திரக் கை கால்களையும் வைத்து ரிக் பேக்கர் செய்த வேலை அது. சிறந்த ஒப்பனைக்கு ஆஸ்கரில் போட்டி விருது என்று ஒன்றை முதன்முதலாக வைத்தபோது, அதை வாங்கியவர் அவர்தான்.

ஆனால் எனக்குள் நின்றது அந்தக் காட்சி இல்லை, மறுநாள் காலை. மிருகக்காட்சிசாலையில் ஓநாய்க் கூண்டுக்குள் அவன் கண் விழிப்பான். ஒன்றும் நினைவிருக்காது. பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு டிவியில், பதின்மூன்று வயதில் அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அப்பா ரொம்ப சாதுவான மனுஷன். சம்பள நாள் ராத்திரி மட்டும் வேறு யாரோ ஒருவராகத்தான் வீட்டுக்கு வருவார். மறுநாள் காலையில் உடைந்த பாத்திரங்களைப் பார்த்து, 'நேத்து நான் என்ன பண்ணேன்?' என்று அம்மாவிடம் கேட்பார். நடிப்பில்லை, உண்மையிலேயே தெரியாது. பிறகு ஒரு மாதம், சம்பளம் வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து, கவரையும் வாசல் சாவியையும் அம்மா கையில் கொடுத்தார். 'நான் எவ்வளவு கத்தினாலும் காலையிலதான் திறக்கணும்' என்றார். அதே படத்தில் நாயகன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு போலீஸ்காரரிடம் போய், தன்னைக் கைது செய்யச் சொல்லி மன்றாடுவான். அவர் கேட்கவே மாட்டார். மறுபடி எப்போது பார்த்தாலும் அப்பா சாவியை நீட்டியதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, நம் ஊர் ரசிகருக்கு இது ஒட்டாது என்பார்கள். நமக்குப் பேய் என்றால் அமாவாசை. பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் நிலாச்சோறு சாப்பிடுவோம். எங்கள் தெருவில் பலர் அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். இதனாலேயே நம் மண்ணில் இந்தக் கதை இன்னும் கூடுதலாகப் பயமுறுத்தும் என்பது என் எண்ணம். ஊரே நிலாவை அண்ணாந்து பார்த்து மகிழும் ராத்திரியில் ஒருவன் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடுங்குகிறான் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். இந்தியில் முயன்றிருக்கிறார்கள். 1992-இல் வந்த 'ஜுனூன்' படத்தில் நாயகன் பௌர்ணமிதோறும் புலியாவான். 2022-இல் வந்த 'பேடியா' அருணாச்சலப் பிரதேசக் காடுகளில் நடக்கிறது. காட்டுக்குள் சாலை போட வந்தவனையே ஓநாய் கடிப்பது அருமையான யோசனை. ஆனால் பாதி நேரம் சிரிக்க வைப்பதிலேயே போய்விட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

ஓநாயின் மேலும் ஒரு பழி விழுந்துவிட்டது. நிஜ ஓநாய் பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகிப் போகிற பிராணி. இங்கிருந்து மைசூர் போகும் வழியில் பிரிந்து போனால் மேல்கோட்டை. அங்கே ஓநாய்களைக் காப்பதற்காகவே 1974-இல் சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். நல்ல ஓநாய்ப் படங்கள் மிருகத்தைக் குற்றம் சொல்வதே இல்லை.

தமிழில் இயக்குநர் யாராவது இதைக் கையில் எடுத்தால், காமெடி நடிகருக்கு ரோமம் ஒட்டி ஓடவிட வேண்டாம் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சாவியைக் கொடுக்கிறவனையும், வாங்கிக்கொண்டு விடிய விடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளையும் காட்டட்டும். அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு.